அம்பு பட்ட மானைத் தேடி

சாத்தம் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது மரமறுக்கும் ஆலையே ஆகும். போர்ட் பிளேர் என நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள நகரத்தோடு ஒரு பாலத்தால் இணைந்து நிற்கும் சின்னஞ்சிறு தீவு அது. 1789ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் என்பார் ஆங்கிலேயரின் முதற் குடியேற்றத்தை நிறுவியதும் அத்தீவிலேதான். 1883ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பெற்ற ஆலை, ஆசியாவின் மிகப் பழைய மர ஆலைகளுள் ஒன்றென மதிக்கப்படுகிறது. படாக், குர்ஜன் முதலிய பெருமரங்களை யானைகள் காட்டினின்றும் இழுத்துத் தர, அவை கடல்வழியே சாத்தம் சேர்ந்து பலகைகளாய்ப் புறப்பட்ட வரலாற்றை நேயர்கள் அறிவர். அவ்வரலாற்றில் நம் தமிழ்த் தொழிலாளரின் தோள்வலியும் கலந்திருக்கிறது.

ஆயினும், இத்திங்கள் நாம் எழுதப் புகுந்தது மரத்தைப் பற்றியன்று, மானைப் பற்றி. அதுவும், ஒரே குண்டில் வீழ்ந்த மானைப் பற்றியன்று. குண்டு பட்டதோ, படவில்லையோ என்ற ஐயத்தை வேட்டைக்காரன் நெஞ்சில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் மறைந்த மானைப் பற்றி. வேட்டை சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்ட இந்நாளில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடையைப் போகப் போகக் காண்போம்.

மான் வந்த கதை

அந்தமான் காட்டிற்குப் புள்ளிமான் உரியதன்று. நம் முன்னோரைப் போலவே அதுவும் கப்பலேறி வந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேய அதிகாரிகள், அழகிற்காகவும் வேட்டைப் பொழுதுபோக்கிற்காகவும் அதனை இந்தியப் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டனர். பெருநிலத்தில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் மானின் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும். இத்தீவுகளிலோ அவ்வகை விலங்கு ஒன்றேனும் இல்லை. மேலும், புள்ளிமான் நன்றாக நீந்தும் பிராணி. ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குக் கடற்கால்களைக் கடந்து சென்று பல்கிப் பெருகியது. 1950களின் முற்பகுதியில் அதனைக் குறைப்பதற்கென்று சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள்; அவை இங்கு நிலைபெறவில்லை. இன்று துறைமுகத்தின் வாயிலில் நிற்கும் ரோஸ் தீவுக்கு, அதாவது 2018ஆம் ஆண்டில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்ற அத்தீவுக்குச் செல்வோர், இடிந்த மாளிகைகளின் நடுவே புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுவதைக் காணலாம். குழந்தைகள் அவற்றைக் கண்டு கைகொட்டி மகிழ்வர்.

ஆனால், காட்டோரத்தில் நெல் விதைத்த குடியானவனுக்கு அவை மகிழ்ச்சி தந்ததில்லை. இரவில் வந்து இளம்பயிரை மேய்ந்துவிட்டுப் போகும். ஆகவே, சட்டம் தடுக்காத அந்நாளில், உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு வயற்காவல் இருந்தவர் பலர். நாம் சொல்லப் போகும் செய்தி அக்காலத்தது.

பெரியவர் சொன்னது

சாத்தம் ஆலையின் மரக்கிடங்கில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். இராமநாதபுரம் சீமையிலிருந்து சிறுவயதில் தந்தையாரோடு வந்தவர். இப்போது எண்பதைக் கடந்துவிட்டார். சிறுவர்கள் மான் படம் போட்ட புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினால், சற்று நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதன் காரணத்தை ஒருநாள் நாம் கேட்டோம். அவர் சொன்ன கதை இது.

1960களின் நடுப்பகுதி. அவருக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. தென் அந்தமானில் ஒரு குடியேற்றக் கிராமத்தில் அவருடைய உறவினர் ஒருவருக்கு வயல் இருந்தது. ஆலையின் விடுமுறை நாளில் அங்குச் சென்றார். அந்தி மயங்கும் வேளை. வரப்பின் ஓரத்தில் மூன்று மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பிணை, ஒரு கலை. உறவினர் துப்பாக்கியை இவர் கையில் கொடுத்தார். குறி வைப்பதற்கு வெளிச்சம் போதவில்லை. "இன்னும் கொஞ்சம் கிட்டே வரட்டும்" என்றார் உறவினர். இவர் பொறுக்கவில்லை, சுட்டுவிட்டார்.

பிணைகள் இரண்டும் பாய்ந்து மறைந்தன. கலை பாயவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்தாற்போல், மெல்லக் காட்டுக்குள் நடந்தது. உறவினர் இவர் கையைப் பற்றி, "தம்பி, போகாதே, வயிற்றில் பட்டிருக்கிறது, காலையில் பார்ப்போம்" என்று தடுத்தார். இளமை கேட்குமா? இவர் கையை உதறிவிட்டு ஓடினார். காட்டுக்குள் நாற்பது அடி செல்வதற்குள் புதருக்குள் படுத்திருந்த மான் திடுக்கிட்டெழுந்து ஓடுவது கேட்டது. படுத்த இடத்தில் ஈரம் இருந்தது. அதற்கப்பால் ஒரு துளியும் இல்லை. அன்றிரவு மழை கொட்டித் தீர்த்தது.

மூன்றாம் நாள் காக்கைகளின் இரைச்சல் கேட்டு, ஓர் ஓடைக்கரையில் அதைக் கண்டார்கள். தண்ணீர் குடிக்கக் குனிந்தவாறே விழுந்திருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் நீருக்குள் இருந்தன. உடல் அழுகத் தொடங்கியிருந்தது. எவர்க்கும் பயன்படாமல் போயிற்று.

"நான் அதைக் கொன்றேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தம்பி. சாக விட்டுவிட்டேன், அவ்வளவுதான்" என்றார் பெரியவர். உறவினர் அன்று அவரைக் கடிந்துரைக்கவில்லையாம். வீட்டில் அன்று ஒருவரும் இலையில் உட்காரவில்லையாம். அதற்குப் பின்னர் அவர் இரண்டாண்டுக் காலம் அவ்வுறவினரிடம் காட்டில் தடம் பார்க்கும் கலையைப் பயின்றார்; சுடுவதற்காக அன்று, பிறர் சுட்டுத் தவறவிட்டவற்றைத் தேடிக் கொடுப்பதற்காக.

தடம் பார்க்கும் கலை

அவர் நமக்கு விளக்கியவற்றையும், உலகெங்கும் பழகிய வேட்டைக்காரர் ஒப்புக்கொண்டவற்றையும் சேர்த்து இங்குத் தருகிறோம். இக்கலையில் முதற்பாடம் கண்ணுக்கு. இரண்டாம் பாடம் பொறுமைக்கு.

குண்டு பட்ட அக்கணத்தில் விலங்கு என்ன செய்தது என்பதைக் கண் தவறவிடலாகாது. நெஞ்சில் பட்ட மான் பெரும்பாலும் துள்ளிப் பாய்ந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடும், நெடுந்தூரம் செல்வதில்லை. வயிற்றில் பட்டது முதுகைக் கூனி மெல்ல நடக்கும். அதுவே மிக நெடுந்தூரம் செல்லும். கால் எலும்பில் பட்டது தடுமாறிச் சாய்ந்து, பின்பு மூன்று காலால் விரையும். சத்தத்திற்கு அஞ்சியது மட்டுமாயின், கூட்டத்தோடு கூட்டமாய் ஓடிச் சற்றுத் தொலைவில் நின்று திரும்பிப் பார்க்கும். காயம்பட்டது கூட்டத்தைப் பிரிந்து தனிவழி செல்வதே பெரும்பான்மை.

அடுத்து, சுட்டவன் தான் நின்ற இடத்தை விட்டு நகருமுன் இரண்டு அடையாளங்களை மனத்தில் பதிக்க வேண்டும்: மான் நின்ற இடம் ஒன்று, அது கடைசியாய்க் கண்ணுக்குத் தெரிந்த இடம் மற்றொன்று. அருகிலுள்ள மரத்தையோ கல்லையோ குறித்துக்கொள்ள வேண்டும். தான் நின்ற இடத்திலும் ஒரு கிளையை ஒடித்து நட வேண்டும். அந்தி வேளையில் நூறடி தொலைவில் பார்த்த இடம், அங்கே சென்று நின்றபின் வேறாய்த் தோன்றும் என்பது அனுபவசாலிகள் கண்ட உண்மை.

மான் நின்ற இடத்தில் குனிந்து பார்த்தால் மயிர் கிடைக்கும். புள்ளிமானின் முதுகு செம்பழுப்பு, அடிவயிறு வெண்மை. வெள்ளை மயிர் கிடந்தால் குண்டு தாழ்ந்து போயிற்று என்று அறியலாம். பிறகு குருதி. இளஞ்சிவப்பாய் நுரைத்திருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பாய்த் திண்ணென்றிருந்தால் ஈரல். நீர்த்து, பச்சை நிறமும் அரைபட்ட புல்லும் நாற்றமும் கலந்திருந்தால் இரைப்பை. செக்கச் செவேலென முதலில் மிகுதியாய்ச் சொரிந்து, போகப் போகக் குறைந்து நின்றுவிட்டால் தசையில் மட்டும் பட்டது. குருதி ஒரு துளியும் இல்லை என்பதனால் குண்டு படவில்லை என்று முடிவு கட்டலாகாது. தடித்த தோலும் கொழுப்பும் துளையை அடைத்துக்கொள்வதுண்டு. சில நூறு அடி சென்றபின்னரே முதற்றுளி விழும்.

இனிப் பொறுமை. நுரையீரலில் பட்டதாகத் தோன்றினால் அரைமணி நேரம். ஈரலில் பட்டிருந்தால் மூன்று நான்கு மணி நேரம். வயிற்றில் பட்டிருந்தால் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும் என்பது பழகியவர் விதி. துரத்துவார் இல்லையென்று கண்ட மான் விரைவில் படுத்துவிடும். படுத்தபின் உடல் விறைத்து, பெரும்பாலும் அங்கேயே உயிர் நீங்கும். துரத்தினாலோ, அச்சம் தரும் வேகத்தால் நோவையும் மறந்து ஓடும். பெரியவர் செய்த பிழை இதுவே.

ஆனால் அந்தமானில் இவ்விதிக்கு ஓர் இடையூறு உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலம் இது. வைகாசியில் தொடங்கும் மழை எளிதில் விடாது. காத்திருந்தால் மழை வந்து குருதித் தடத்தைக் கழுவிவிடும். காத்திராமல் சென்றால் மான் எழுந்து ஓடிவிடும். இவ்விரண்டினுள் எதைத் தேர்வது என்பதற்கு நூலில் விடை இல்லை. வானத்தையும், கிடைத்த மயிரையும், கண்ட நடையையும் வைத்துத் தானே முடிவு செய்ய வேண்டும். அதனாலன்றோ பெரியவரின் உறவினர், "மழை வருமென்று தோன்றினால் சுடவே சுடாதே" என்று பின்னாளில் கற்பித்தார்!

தேடும்போது தடத்தின் மேல் நடத்தல் கூடாது. பக்கத்தே நடக்க வேண்டும். ஒருவர் தரையைப் பார்ப்பார். மற்றவர் முன்னே பார்ப்பார். கூட்டமாய்ச் சென்றால் தடம் அழியும். கண்ட ஒவ்வொரு துளிக்கும் அருகில் ஓர் இலையையோ தாள் துண்டையோ வைத்துச் செல்ல வேண்டும். தடம் அற்றுப்போனால் திரும்பிப் பார்க்கையில் அவ்வடையாளங்கள் வரிசையாய் நின்று மான் சென்ற திசையைக் காட்டும். துளியின் சிதறல் எப்பக்கம் நீண்டிருக்கிறதோ அப்பக்கமே மான் சென்றது. தரையில் இல்லாத குருதி செடியின் பக்கத்தில் பூசியிருக்கலாம். அதன் உயரத்தைக் கொண்டு காயத்தின் உயரத்தை அறியலாம். பாய்ந்தோடும் மானின் குளம்பு விரிந்து ஆழப் பதியும். கால் ஒடிந்ததாயின் ஒரு சுவடு இழுபட்டுக் கோடாய்ச் செல்லும். தடம் முற்றிலும் மறைந்தால், கடைசித் துளியை நடுவாக வைத்துச் சுற்றிச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு தேட வேண்டும். அடர்ந்த புதரையும் நீர்நிலையையும் விடாமல் பார்க்க வேண்டும். ஈயும் காக்கையும் மனிதனுக்கு முன்பே அறிந்துவிடும்.

கண்டுவிட்டால் பின்புறமாக மெல்ல அணுகி, கண்ணை நோக்க வேண்டும். இறந்த மானின் கண் திறந்தே இருக்கும். கண் மூடியிருந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். அப்போது காலந்தாழ்த்தாது அதன் துன்பத்தை முடிப்பதே சுட்டவன் செய்யக்கூடிய கடைசி உதவி.

இத்தீவின் பழங்குடியினர் கண்ட வழி

நாம் மேலே சொன்னதெல்லாம் காயம்பட்ட விலங்கு ஓடியபின் தேடும் வழி. ஓடாமலே நிறுத்தும் வழியை இத்தீவுகளின் ஆதிகுடிகள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருந்தனர் என்பது வியப்பிற்குரியது.

பெரும் அந்தமானியர் காட்டுப்பன்றியை எய்வதற்கென்று ஒரு தனி அம்பு செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு அதிகாரியாயிருந்து அவர்தம் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்த இ. எச். மேன் என்பாரும், 1922ஆம் ஆண்டில் அந்தமான் மக்களைப் பற்றிய நூலை வெளியிட்ட ராட்கிளிஃப் பிரவுன் என்பாரும் அவர்தம் கருவிகளை விவரித்துள்ளனர். அவ்வம்பின் முனை இரும்பாலானது. பின்னோக்கிய முட்கள் உடையது. அம்முனை பொருந்திய சிறு கழி, அம்பின் நெடுந்தண்டில் செருகப்பட்டிருக்கும், இறுகப் பிணைக்கப்பட்டிராது. ஆனால் இரண்டையும் ஒரு முறுக்குக் கயிறு இணைத்திருக்கும். பன்றியின் உடலில் முனை தைத்தவுடன் கழி தண்டினின்றும் கழன்றுவிடும். கயிறு பிரிந்து நீள, நெடுந்தண்டு பன்றியின் பின்னே தொங்கி இழுபட்டுச் செல்லும். நெருங்கிய காட்டில் சிறிது தூரம் ஓடுமுன் அத்தண்டு கொடியிலோ வேரிலோ சிக்கிக்கொள்ளும். பன்றி நின்றுவிடும், வேடர் வந்தடைவர்.

எய்யுமுன்னரே, 'என் அம்பு உயிர்நிலையில் படாமல் போகலாம்' என்று எண்ணிப் பார்த்தவனுடைய அறிவில் பிறந்தது இக்கருவி. கப்பல் உடைந்து கரையொதுங்கிய இரும்பைத் தேய்த்து முனை செய்த மக்கள் அவர்கள். அவர்களைக் காட்டுமிராண்டிகள் என எழுதிய அக்காலத்தாருள் எத்தனை பேர் தம் துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு எண்ணிப் பார்த்திருப்பர்?

நம் நூல்களில் இச்செய்தி

தமிழ் இலக்கியம் கற்றோர்க்குக் காயம்பட்டு ஓடிய விலங்கு புதிய செய்தியன்று. அகப்பொருளில் 'கெடுதி வினாதல்' என்றே ஒரு வழக்கு உண்டு. தலைவன் தினைப்புனத்திற்கு வந்து, தான் தேடி வந்த விலங்கு இவ்வழியே போயிற்றோ என்று கேட்பான். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலும் வேட்டை நாய்களோடு வந்த தலைவன் இவ்வாறே வினவுகிறான். கோவை நூல்கள் இதனை 'வேழம் வினாதல்', 'கலைமான் வினாதல்' எனத் துறைகளாகவே வகுத்தன. திருக்கோவையாரிலும் இத்துறைகள் உள. தலைவன் கேட்பது மானை அன்று, தலைவியையே என்பது தோழிக்குத் தெரியும். படிக்கும் நமக்கும் தெரியும். ஆயினும், அப்பொய் மெய்போல நிற்பதற்குக் காரணம் என்ன? அம்பு பட்ட விலங்கைத் தேடி ஊர் ஊராய் வருபவன் ஒருவன் இருப்பது அந்நாளில் இயல்பு. அவ்வாறு வந்து வினவுவது ஆண்மகனுக்குத் தக்கது. அதனாலன்றோ காதலை மறைக்க அது தகுந்த போர்வையாயிற்று!

பாரதத்து ஆதிபருவத்தில் பரீட்சித்து மன்னன் கதை இன்னும் ஆழமானது. அவன் எய்த அம்பு மானின் உடலில் பட்டது. மான் வீழாமல் ஓடிற்று. அதைத் தேடிக் காட்டில் அலைந்து, பசியாலும் நீர்வேட்கையாலும் களைத்து, சமீகர் என்னும் முனிவரைக் கண்டு, 'அடிபட்ட மான் இவ்வழி வந்ததோ' என்று கேட்டான். மௌன நோன்பிலிருந்த முனிவர் விடை கூறவில்லை. வெகுண்ட மன்னன் செத்த பாம்பொன்றை எடுத்து அவர் கழுத்தில் இட்டுச் சென்றான். முனிவர் மகன் சிருங்கியின் சாபத்தால் ஏழாம் நாள் தட்சகன் தீண்டி மாண்டான். மானைத் தேடியது அவன் கடமைதான், அதில் குற்றமில்லை. தன் குறி தவறியதனால் எழுந்த சினத்தைத் தொடர்பற்ற ஒருவர்மேல் காட்டினானே, அதுவே அவனைக் கொன்றது. வேலையில் நேர்ந்த பிழைக்கு வீட்டில் மனைவி மக்களிடம் சினம் கொள்பவர் இக்கதையை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் வேட்டை ஒழுங்கு பிறந்த இடங்களுள் ஒன்று நீலகிரி. 1877ஆம் ஆண்டில் அங்கே வேட்டைக்காரர் சங்கம் தோன்றியது. 1879ஆம் ஆண்டில் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கும் சட்டம் வந்தது. பின்னர், 1972ஆம் ஆண்டில் இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. தொடக்கத்தில் உரிமம் பெற்றுச் சிலவகை விலங்குகளை வேட்டையாட அச்சட்டம் இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாயிலையும் அடைத்தது. புள்ளிமானை வேட்டையாடுவது இன்று குற்றம். வேட்டை என்பது கொல்வது மட்டுமன்று. காயப்படுத்துவதும், கண்ணி வைப்பதும், அவற்றிற்கு முயல்வதும் வேட்டையே என்று சட்டம் விளக்குகிறது. நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினர்க்கு உரிய வேட்டை உரிமைகளை மட்டும் அச்சட்டத்தின் 65ஆம் பிரிவு காத்து நிற்கிறது.

வெளிநாடுகளில் குடியேறிய நம்மவர் சிலர், வேட்டை சட்டப்படி நடைபெறும் இடங்களில் வாழ்கின்றனர். அங்கெல்லாம் காயம்பட்ட விலங்கைத் தேடுவது விருப்பத்தைப் பொறுத்ததன்று. நார்வே நாட்டில் மான் வகைகளை வேட்டையாடுவோர், தேடுவதற்கென்று பயிற்றித் தேர்வு செய்யப்பட்ட நாயின் உதவியைப் பெற ஏற்பாடு செய்திருத்தல் வேண்டும். சுவீடனில் அத்தகைய நாய் இரண்டு மணி நேரத்திற்குள் அவ்விடத்திற்கு வந்துசேரக்கூடியதாய் இருக்க வேண்டும். ஜெர்மனியில் இவ்வொரு பணிக்காகவே தலைமுறை தலைமுறையாய் வளர்க்கப்பட்ட நாயினங்கள் உண்டு. மழையில் கழுவப்பட்ட தடத்தையும் நாயின் மூக்கு அறியும். அந்தமானியர் கயிற்றால் செய்ததை அந்நாட்டார் நாயால் செய்கின்றனர்.

இன்று நாம் செய்ய வேண்டியது

வேட்டை நின்றாலும் காயம்பட்ட மான் இல்லாமற் போகவில்லை. திருட்டுத்தனமாய் வைத்த கண்ணியிலிருந்து அறுத்துக்கொண்டு ஓடியது, ஊர் நாய்கள் கடித்தது, சாலையில் வண்டி மோதியது எனப் பலவாறாக அது நம் பாக்குத் தோட்டத்திற்கோ கொல்லைப்புறத்திற்கோ வந்து நிற்கும். அப்போது நம் குடும்பத்தார் செய்யத் தக்கவை சில உள.

ஒன்று, துரத்தலாகாது. மான் மிகுந்த அச்சமுடைய பிராணி. விரட்டிப் பிடிப்பதனாலேயே தசை தளர்ந்து, காயத்தால் சாகாதது அச்சத்தால் சாகும். இரண்டு, நாய்களைக் கட்ட வேண்டும். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்க வேண்டும். பிள்ளைகளைத் தொட விடலாகாது. மூன்று, எந்த நேரத்தில், எந்தப் பக்கமாக, எவ்வாறு நடந்து சென்றது என்பதைக் குறித்து வைத்து, வனத்துறையினர்க்கு உடனே தெரிவிக்க வேண்டும். பெரியவர் சொன்ன அடையாள விதிகள் இங்கேதான் நமக்குப் பயன்படும். ஓடிய திசையில் ஒரு கிளையை நட்டு வைத்தாலும் தேடி வருபவர்க்குப் பேருதவி. நான்கு, இறந்து கிடந்தால் 'தானாய்ச் செத்தது தானே' என்று அறுத்துப் பங்கிடுவது தவறு. அவ்வாறான விலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அது அரசுக்கு உரிய பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இம்மான்களால் அந்தமான் காடு நலிகிறது என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். இளங்கன்றுகளையும் முளைகளையும் மேய்ந்துவிடுவதால் பெருமரங்களுக்கு வாரிசு இல்லாமற் போகிறது. மரத்தொழிலுக்கெனக் கொண்டுவரப்பட்டுப் பின்பு காட்டில் விடப்பட்ட யானைகளாலும் சில தீவுகளில் அவ்வாறே நேர்ந்தது. நூறாண்டுக்கு முன் ஒரு மாலைப் பொழுதின் களிப்பிற்காக மானைக் கொண்டுவந்து விட்டவர், அது எங்கே செல்லும், என்ன ஆகும் என்று பின்தொடர்ந்து பார்க்கவில்லை. அதுவும் மங்கிய வெளிச்சத்தில் விட்ட அம்பே. அதன் தடத்தை இன்று வனத்துறையினரும் ஆராய்ச்சியாளரும் குனிந்து தேடிக்கொண்டிருக்கின்றனர்.

வேட்டை இல்லாத நாளில் வேட்டைப் பேச்சு எதற்கு என்று தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இதுவே நம் விடை. கையை விட்டுப் போனது அம்பாயினும், சொல்லாயினும், ஊருக்கு எழுதிய ஒரு வாக்குறுதியாயினும், அது எங்கே தைத்தது என்று போய்ப் பார்க்கும் பொறுப்பு விட்டவனுடையது. 'பட்டிருக்காது' என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவது எளிது. வெகுதூரம் வந்து வாழும் நமக்கு அது இன்னும் எளிது. பின்னே விட்டு வந்தவர்களில் எவரேனும் நம் சொல்லால் காயம்பட்டுக் கிடக்கிறாரா என்று கடல் கடந்து போய்ப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டோம்: "பிறர் சுட்டுத் தவறவிட்டவற்றைத் தேடிப் போனீர்களே, எத்தனை கிடைத்தன?"

"கிடைத்ததை எண்ணவில்லை, தம்பி. கிடைக்காதது நான்கு. நான்கும் எந்த இடத்தில் தடம் அற்றுப்போயிற்று என்று இன்றும் காட்டுவேன்" என்றார்.

சற்று நேரம் கழித்து, பேரப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்த புத்தகத்தை அவர் விரித்தார். மான் படம் இருந்த பக்கத்தை அன்று உடனே திருப்பவில்லை. "இது கலை, கொம்பு பார்" என்று அக்குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். நாம் விடைபெற்றுக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்தோம்.